முப்பத்தொரு பாகை

அறுபது பேருக்குச் சொல்லியிருந்தோம்.
பனி கொட்டிப் பாதை அடைபட
வந்து சேர்ந்தது இருபத்திரண்டு பேர்.
ஊரின் பெயர் கூர். குளிரும் அப்படித்தான்.

மிச்சம்
முழங்கால் உயரக் கிடாரத்தில்
பாதிக்கு மேல் ஆட்டிறைச்சிக் கறி.

ஃப்ரிட்ஜில் கேக் இருந்தது.
கேக்கைச் சுற்றிச் சோடாப் போத்தல்கள் இருந்தன.
"வெளியில வை," என்றார் நிமலேசன்,
"ஊரே ஃப்ரிட்ஜாக் கிடக்கு."
சைபருக்குக் கீழே ஏழு. பல்கனியில் ஒரு முழம் பனி.
இரண்டு பேராய்த் தூக்கிப்போய்ப் பதித்து வைத்தோம்.
மூடிக்கு மேல் ஒரு பூச்சாடி, காகத்துக்காக.

எனக்குத் தெரியும்.
தெரியாதென்று சொல்ல முடியாது.
முதியோர் இல்லத்துக் குசினியில் ஒன்பது வருடம்
சட்டி சட்டியாய் ஊசி குத்தி வெப்பம் பார்த்து
தாளில் எழுதிக் கையெழுத்து வைக்கிறவள் நான்.
இரண்டு விரல் உயரத்துக்கு அகலத் தட்டுகளில் பிரி,
தொண்ணூறு நிமிடத்தில் ஐந்து பாகைக்குக் கீழே இறக்கு:
பரிசோதனைக்கு வந்த அதிகாரியிடம் இதை
ஜெர்மனில் பிழையில்லாமல் சொல்லி
ஒரு தலையாட்டல் வாங்கியிருக்கிறேன்.
ஆனால் இரவு பதினொன்றரை.
கால்கள் என்னுடையவையாக இல்லை.
பருப்பை மட்டும், அதுவும் சட்டி தேவைப்பட்டதால்,
கேக் சுட்ட தட்டில் ஊற்றிப்
போத்தல்களுக்கு மேலே செருகினேன்.

இரண்டு மணிக்கு விழித்தேன்.
சொட்டு. சொட்டு.
பிறகு கூரை முழுக்கச் சலசலப்பு.
மலையால் இறங்கும் சூட்டுக்காற்று.
இங்கே அதற்கு ஃபோன் என்று பெயர்.
தொலைபேசி மாதிரித்தான்,
நல்ல நித்திரையில் வரும்.

பனி போய்விட்டிருந்தது.
நனைந்த சிமெந்தில் கிடாரம் மட்டும் நின்றது.
கைப்பையிலிருந்து ஊசியை எடுத்துவந்தேன்.
வெளியே பதின்மூன்று.
கறியின் நடுவில் முப்பத்தொன்று.

அப்படியென்றால்
காற்று வருமுன்னரும் அது ஆறியிருக்கவில்லை.
பனி வெளிச்சுவரைத்தான் தொட்டது.
மேலே கொழுப்பு உறைந்து போர்வையாக,
உள்ளே ஒரு சின்ன ஊர்
விளக்கேற்றி விழித்திருந்தது.

மூடியைத் திறந்தேன். என்ன வாசம்!
ஏலம், பெருஞ்சீரகம், எலும்புக்குள் ஊறிய நெய்.
பழுதானதெல்லாம் நாறிக்கொண்டுதான் வருமென்றால்
உலகத்தில் ஒருவருக்கும் வயிற்றோட்டம் இல்லை.

"மணக்கேல்லையே," என்றார், சாரத்தோடு வந்து நின்று.
"நல்லாக் கொதிக்கவிட்டாச் சரிதானே?"
கொதியிலும் சாகாத வித்துகள் உண்டு,
கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு சாகாது என்று
தொடங்கி, நிறுத்தினேன்.
வேலையிடத்துக் குரலில் பேசிக்கொண்டிருந்தேன்.
"கோசலாவுக்கு ஏழு மாசம்," என்றேன்.
நாளைக்கு வந்து எடுக்கிறேன், ஒரு டப்பா வை என்று
அவள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அவர் வாய்க்குள் கணக்குப் பார்த்தார்.
பதினொரு கிலோ. கிலோ இருபத்தாறு பிராங்க்.
பிறகு
அகப்பையை முதலில் எடுத்தது அவர்தான்.

இந்த நாட்டில் குப்பைப் பைக்கும் காசு.
மூன்று பை. கசியாமலிருக்க இரட்டையாக, ஆறு.
எலும்பு பையைக் கிழிக்க, கொழுப்பு கையில் வழுக்க,
மூன்றாம் மாடியிலிருந்து சத்தமில்லாமல் இறக்கினோம்,
செய்யக்கூடாததைச் செய்தவர்கள் போல.
கீழ்வீட்டு கடோனாவ் அம்மாவின் யன்னலில்
வெளிச்சம் வந்தது.
போனது.

விடிய, பருப்புத் தட்டில் ஊசி வைத்தேன்.
நான்கு.
ஆவி பறக்கச் சூடாக்கி
பாணைத் தோய்த்து, நின்றபடியே தின்றோம்.
உப்புக் கொஞ்சம் குறைவு. இருவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை
இரண்டாம் குளிரறை: மூன்று பாகை. கையெழுத்து.
மூன்றாம் குளிரறை: நான்கு பாகை. கையெழுத்து.
"அவதானிப்புகள்" என்ற கடைசிக் கட்டத்தில்
பேனை சற்று நின்றது.
மை ஒரு புள்ளி வைத்தது.
அதை அப்படியே விட்டேன்.